மரத்தைப் பார்க்காத வியாபாரி

அவர் ஒரு மரத்தை நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. ஆறு வருஷம் அவருக்கு ஜீப் ஓட்டியிருக்கிறேன். ஏற்காட்டைச் சுற்றி அவர் கால் படாத மலைக்கிராமம் கிடையாது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை, நிற்கிற நிலையிலேயே விலை பேசி வாங்கி, வெட்டி, அடிவாரத்துக்கு இறக்கி, பிளைவுட் கம்பெனிகளுக்கு ஏற்றி அனுப்புவது அவர் தொழில். அப்படிப்பட்டவர் தோட்டத்துக்குள் நுழைந்தால் தலை குனிந்தபடியே நடப்பார். பார்ப்பதையெல்லாம் ஜீப் வளைவில் திரும்பும்போது ஒரு ஓரக்கண்ணால் பார்த்து முடித்திருப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அவர் நின்று நிதானமாகப் பார்த்தது வீடுகளை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தண்ணீர் கேட்பார். வெளியே நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். "அட, நான் என்னுங்க அன்னியனா?" என்று சிரித்துக்கொண்டே சமையற்கட்டு வாசப்படி வரைக்கும் போய்விடுவார். அங்கே நின்று தண்ணீர் குடிக்கிற நேரத்தில் காலண்டர் ஆணியில் சொருகியிருக்கும் கல்யாணப் பத்திரிகை, ஜன்னலில் கிடக்கும் மருந்துச் சீட்டு, பூச்சு வேலை பாதியில் நின்றுபோன சுவர் எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். குழந்தைகள் இருந்தால் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுப்பார். "எத்தனாவது படிக்கற கண்ணு? அடுத்து எந்தப் பள்ளிக்கூடம்?" என்பார். அது பாசமான விசாரிப்பு என்றுதான் நானும் நினைத்தேன். குழந்தையின் வாயிலிருந்து பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தால், அந்த வீட்டில் எவ்வளவு பணம் கட்டியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் வாயிலிருந்து விலை முதலில் வராது. ஒரு மரம் என்ன விலை, ஒரு டன் என்ன விலை என்ற பேச்சே எழாது. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்பார்:

"எவ்வளவு வேணுமுங்க?"

இதை அவர் கேட்கிற விதத்தில் எதிரில் இருப்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். தகப்பனார் மரத்தைக் காட்டுவதற்காக அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டார். இவர் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

"மரம் எங்கீங்க போயிரும்? கல்யாணத்துக்கு எவ்வளவு குறையுது, அதச் சொல்லுங்க."

"ஒரு அறுவதாயிரம் இருந்தா ஒப்பேத்திருவனுங்க."

"அவ்வளவுதானுங்களா? இதுக்குப் போயி மொகம் வாடலாமுங்களா?" என்று பையைத் திறந்து அங்கேயே பணத்தை எடுத்து வைத்தார். பிறகு முகவாயால் தோட்டத்தின் பக்கம் காட்டி, "அந்த ரெண்டு வரிசைய வெட்டிக்கறேன்" என்றார். பெண்ணின் அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். கல்யாணத்துக்கும் இவர் போய் மொய் வைத்துவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். இரண்டு வரிசையில் எத்தனை மரம், அது என்ன பெறும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தேவை என்கிற நேரத்தில் வந்து நிற்கிற மனிதன் என்று ஊர் ஊராக அவருக்குப் பெயர்.

தேவை என்கிற நேரம் எது என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். எங்கள் மலையில் காப்பிப் பணம் கைக்கு வருவது தையிலும் மாசியிலும். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடிகிறபோது பெட்டி காலியாகியிருக்கும். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும், மழையும் கூடவே வரும். மறுபடி காப்பிப் பழம் பழுக்கும் வரை வரவு என்று ஒன்று கிடையாது. அந்த ஆறு வருஷத்தில் ஒரு தை மாசம்கூட அவர் என்னை ஓட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. ஆனி பிறந்தால் விடிவதற்குள் போன் வரும். இதையெல்லாம் இன்றைக்குக் கோர்த்துச் சொல்ல எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு, மழைக்காலத்தில் டூரிஸ்ட் வராமல் வண்டி சும்மா நிற்கும்போது ஓட்டம் கொடுக்கிற புண்ணியவான் என்றுதான் அவரை நினைத்திருந்தேன்.

ஒருமுறை ஜீப்பில் உட்கார்ந்து யாரிடமோ போனில் ஒரு பெரிய எஸ்டேட்டின் மரங்களுக்கு விலை சொல்லிக்கொண்டு வந்தார். டன்னுக்கு இவ்வளவு, எடை மேடைக்கு உங்கள் கணக்கு எழுதுகிற ரைட்டரும் வரலாம் என்று பணிவாகப் பேசினார். அந்த எஸ்டேட்டை ஒட்டியே, நடுவில் ஒரு கம்பிவேலி மட்டும் இருக்கிற ஒரு சின்னத் தோட்டத்தில் அதற்கு முந்தின வாரம்தான் மரம் வாங்கியிருந்தார். இரண்டும் ஒரே மண், ஒரே வயசு மரம். நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, வேலிக்கு இந்தப் பக்கம் குடுத்தது பாதிகூட வராதுங்களே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எஸ்டேட்காரருக்கு அவசரம் இல்லீங்களே சாமி" என்றார். கணக்கு வாத்தியார் விடை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் அது ஏதோ உலக அனுபவம் மாதிரித் தோன்றியது. தலையாட்டிக்கொண்டு கியரை மாற்றினேன்.

வண்டியில் வரும்போது என்னிடம் ஊர்க்கதை கேட்பது அவர் வழக்கம். "அந்த ஓட்டு ஊட்டுக்காரரு எப்புடி இருக்காரு?" "அந்தப் பொண்ணு காலேஜ் சேர்ந்துருச்சா?" நான் இந்த மலையில் பிறந்தவன், எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வருவேன். யார் வீட்டில் கடன்காரன் வந்து நின்றான், யார் மகனுக்கு வேலை கிடைத்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள், யாருக்கு டாக்டர் என்ன சொன்னார் என்றெல்லாம் சொன்னேன். அரிவாளைத் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஆனி மாசம் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், தோட்டத்தில் நிழல் அதிகமான கிளைகளைக் கழிக்க சில்வர் ஓக்கில் ஏறியவர் கிளை முறிந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிப் போட்டுக்கொண்டு என் ஜீப்பில்தான் சேலத்துக்கு இறக்கினோம். காப்பீட்டு அட்டை போக ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றார்கள். மறுநாள் வியாபாரிக்கு ஓட்டம். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"ஆஸ்பத்திரியில எவ்வளவு கேக்கறாங்க சாமி?" என்றார்.

சொன்னேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து சோறு எடுத்துப் போக அப்போதுதான் வந்திருந்தாள். தண்ணீர் கேட்டார், குடித்தார். எனக்குத் தெரிந்த அதே தொகையை, தனக்கும் தெரிந்த அதே தொகையை, அக்காவின் வாயால் சொல்ல வைத்தார்.

"எவ்வளவு வேணுமுங்க அம்மிணி?"

"ஒன்னே கால் லட்சத்துக்குப் பக்கமுங்கண்ணா. ஒன்னு இருவது."

அக்காவின் தோட்டத்தில் அறுபத்தொரு மரங்கள். இருபத்தைந்து வருஷத்து மரங்கள். ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏற்றியிருந்தாள். அவர் ஆளை அனுப்பி நாற்பத்திரண்டு மரத்துக்குக் குறி போடச் சொன்னார். அதில் ஒன்பது மரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் வட்டம். "அந்த ஒம்பதும் உள்ள பொக்கைங்க. காசுக்கு ஆகாது. சும்மா வெட்டி ஒதுக்கிக் குடுக்கறேன்" என்றார். மீதி முப்பத்து மூன்றுக்கு, தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இழுக்கிற கூலி, பர்மிட் அலைச்சல், ஏற்றுக்கூலி எல்லாம் கழித்து, விரலை மடக்கி மடக்கிக் கூட்டி, கடைசியில் சரியாக வந்து நின்ற தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம். ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"காலையில சொல்றமுங்கண்ணா" என்று அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் விடிந்ததும் அடிவாரத்தில் இன்னொரு மர வியாபாரியைப் போய்ப் பார்த்தேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும் கையை உதறினார்.

"அது அண்ணன் பேசின தோட்டமுங்க. அவரு பேசினதுல நாங்க கை வெக்க மாட்டோம். நாங்க பேசினதுல அவரு வெக்க மாட்டாரு."

அடுத்த கடையிலும் அதே பதில். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் போன் வந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும். அவருக்கே போன் செய்தேன். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே பணத்தோடு வந்தார். மச்சானின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்.

மரம் உடனே வெட்டப்படவில்லை. பர்மிட் வந்து, மழை கொஞ்சம் விட்டு, ஆவணியில்தான் வெட்டினார்கள். நாலு லாரி லோடு. கடைசி லாரிக்குப் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு நான் இறங்கினேன். ஆமாம், அப்போதும் அவருக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடிவாரத்து யார்டில் மரங்களைச் சரித்தார்கள். அவர் சீட்டெழுதப் போயிருந்தார். நான் இறங்கிப் போய்ச் சிவப்பு வட்டம் போட்ட கட்டைகளாகத் தேடினேன். ஒன்பது மரத்தின் அடிக்கட்டைகளும் கிடைத்தன. வெட்டுவாயைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு குச்சி நுழைகிற ஓட்டைகூட எதிலும் இல்லை. மையம் வரைக்கும் கெட்டி மரம். மற்றவற்றைவிடப் பருமனாக இருந்ததும் அந்த ஒன்பதுதான்.

அவர் வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் பொக்கைன்னீங்களே?"

"வெளிய இருந்து பாத்தா எப்புடீங்க தம்பி தெரியும்?"

"வெட்டினப்பொறம் தெரிஞ்சுதில்லீங்களா? அப்ப குடுத்திருக்கலாமில்லீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெட்கமோ கோபமோ எதுவுமில்லை. உண்மையாகவே என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை.

"உங்கக்கா என்ன கேட்டாங்களோ அதக் குடுத்தேன். ஒரு ரூவா கொறைச்சனா? நேரத்துக்குக் குடுத்தனா இல்லியா? உங்க மச்சான் இன்னிக்கு எந்திரிச்சு நடக்கறாருங்களா இல்லியா?"

எல்லாம் நிஜம். திருடினான் என்று சொல்ல முடிந்தால் போலீசில் சொல்லியிருப்பேன். பொய் சொன்னான் என்று சட்டையைப் பிடித்தால், சுற்றி நிற்கிற பத்துப் பேரும் உதவி செய்தவனைப் பேசுகிறாயா என்று என்னைத்தான் கேட்பார்கள். மரத்தின் பருமன், எடை, ரோடு எவ்வளவு தூரம், கேரளாவில் பிளைவுட்டுக்கு என்ன கிராக்கி என்பதெல்லாம் அவர் விற்கும்போது வருகிற கணக்கு. வாங்கும்போது அவர் வைத்த கணக்கில் மச்சானின் இடுப்பெலும்புதான் இருந்தது. அந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்தவன் நான்.

"பஸ்ஸுல வந்துருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு அவருக்கு நான் ஓட்டவில்லை. ஏற்காடு ஊருக்குள் ஒண்டிக்கடை முக்கில் டூரிஸ்டுகளுக்காக வண்டியைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மச்சான் ஒரு காலைச் சாய்த்து நடக்கிறார். அடுத்த கோடையில் நிழலில்லாத பக்கத்தில் காப்பிச் செடிகள் இலை கருகிக் குச்சியாக நின்றன. மரத்தோடு மிளகுக்கொடியும் போயிருந்தது. சொந்தத் தோட்டத்தில் ஆள் வைத்துப் பழம் எடுத்த அக்கா, இன்னொருவர் எஸ்டேட்டுக்குக் கூடை தூக்கிக்கொண்டு கூலிக்குப் போனாள். எஸ்டேட் ரைட்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் மரத்தின் விலையைச் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏன் கண்ணு, இருவது மரத்துலயே நம்ம தொகை வந்திருக்குமாமே?"

நான் யார்டில் பார்த்ததை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னேன். ஜீப்பில் நான் வாய் விட்டதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இனி விக்கறதா இருந்தா, நமக்குக் காசு வேண்டாத மாசத்துல விக்கோணும்" என்றாள்.

அவளேதான் அக்கம்பக்கத்து நாலு வீடுகளுக்கும் நடந்தாள். சேர்ந்து விற்கலாம், தனித்தனியாகப் பேச வேண்டாம் என்றாள். சுலபத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த மனுசன் நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நின்னவரு, அவரை உட்டுப்போட்டு விக்கறது நாயமா?" என்றார் ஒரு பெரியவர். அவரோடு அக்கா சண்டை போடவில்லை. தன் கருகின காப்பிச் செடிகளுக்கு நடுவில் கூட்டிப்போய் நிறுத்தினாள். எத்தனை மரம் போயிற்று, எதற்குப் போயிற்று என்று மட்டும் சொன்னாள். வெயில் அவர் தலையில் விழுந்தது. "செரி அம்மிணி" என்றார்.

மரம் வெட்டும் பர்மிட்டுக்கு ஐந்து வீட்டாரும் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அலைச்சல் இருந்தது. ஆனால் அவர் எங்களிடம் கழித்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஐந்து வீட்டு ஆட்களும் நின்று, லாரி தோட்டத்து வாசல் வரைக்கும் வருகிற மாதிரி பாதையைச் சீர் செய்தார்கள். ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சுயரத்தில் டேப் போட்டுச் சுற்றளவு எழுதினாள் அக்கா. நான் எனக்குத் தெரிந்த லாரி டிரைவர்கள் மூலமாகக் கேரளப் பக்கத்து வியாபாரி ஒருவரைப் பிடித்தேன். நூற்றுக்கு மேல் மரம் ஒரே இடத்தில் என்றதும் மலையேறி வரச் சம்மதித்தார். வெளியாள் வருகிறார் என்று தெரிந்ததும், கை வைக்க மாட்டோம் என்று சொன்ன அடிவாரத்துக்காரர்கள் இரண்டு பேரும் தாங்களாகவே போன் செய்தார்கள்.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பிப் பணம் கையில் இருந்தது, யார் வீட்டிலும் அவசரம் இல்லை. டன்னுக்கு என்ன விலை என்று சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும், எடை மேடைக்கு எங்கள் ஆள் வரும், இதுதான் பேச்சு. கூப்பிடாமலே அவரும் வந்தார். வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. எல்லாரிடமும் சௌக்கியம் விசாரித்தார். மச்சானிடம் கால் எப்படி இருக்கிறது என்றார். சீட்டு வாங்கி, ஓரமாகத் திரும்பி நின்று எழுதி, மடித்துப் போட்டார்.

அக்காதான் பிரித்துப் படித்தாள். அடிவாரத்துக்காரர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே விலை. கேரளக்காரர் அதைவிட நன்றாகக் கூட. கடைசிச் சீட்டு எல்லாவற்றையும்விட அதிகம். அது அவருடையது. அக்காவுக்குக் கொடுத்த விலைக்கு இரண்டு பங்குக்கும் மேல்.

ஐந்து வீட்டுக்காரர்களும் கைதட்டாத குறை. பெரியவர் என் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மார்க்கெட் தெரியாத ஆள், பயந்து பயந்து விலை சொல்லுகிற ஆள் என்று எங்கேயாவது ஒரு மூலையில் அவருக்காக ஒரு சாக்கை நான் மிச்சம் வைத்திருந்திருப்பேன் போல. அந்தச் சீட்டைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. எல்லாருக்கும் மேலே நின்று கொடுக்க முடிந்த ஆள்தான் இத்தனை வருஷமும் எல்லாருக்கும் கீழே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கும் இதே தோட்டத்து மரந்தானுங்க. அன்னிக்கு ஏனுங்க இந்த வெலை வரல?"

"அன்னிக்கு நீங்க வெலை கேக்கலீங்களே அம்மிணி. பணந்தானுங்களே கேட்டீங்க."

"வெலை கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர். அன்றைக்குப் பையின் வாயைத் திறந்து, உள்ளே எதையோ தேடுவதுபோலக் கையை விட்டுக்கொண்டு நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா மற்ற நாலு வீட்டாரிடமும் திரும்பி, "வெலை நல்ல வெலைங்க. நீங்க குடுங்க. எடை மேடைக்கு நான் கூட வர்றேன், ஒரு கிலோ குறைய உடமாட்டேன்" என்றாள். தன்னுடைய பத்தொன்பது மரங்களின் சுற்றளவு எழுதிய தாளை மட்டும் கட்டிலிருந்து உருவி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ற மரம் விக்கறதுக்கில்லீங்க" என்றாள் அவரிடம். "எனக்கு இப்ப எதுவும் வேண்டியதில்ல."